ராயப்பராஜின் கலவை

ராயப்பராஜை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவருவதற்கு முந்தின நாள், மகள் ஷைனி மொட்டைமாடி அறையைத் துப்புரவாக்கினாள். அலமாரியிலிருந்த தகர டப்பாக்கள், புகையிலை ஜாடி, சாம்பல் கிண்ணம் எல்லாம் ஓர் உரச்சாக்குக்குள் போயின. சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டது மனைவி சகாயராணிதான். மறுநாள் காலையில் குப்பை வண்டி அதை அள்ளிக்கொண்டு போனபோது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. முப்பத்து நாலு வருஷமாக அவளுக்கு ஆகாத வாடை அது.

ராயப்பராஜ் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஆறு மாதம் கடலில், ஆறு மாதம் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் என்று காலம் ஓடியது. பைப் பிடிக்கும் பழக்கம் கப்பலில் தொற்றியது. கல்யாணமான மூன்றாம் நாளே சகாயராணி சொல்லிவிட்டாள், "இந்தக் கருமத்த வீட்டுக்குள்ள வச்சுக்கிறாதீங்க." அவர் மறுபேச்சுப் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். ஓய்வுபெற்ற பிறகும் சாயங்காலம் நாலு மணிக்குப் படியேறினால் ஆறு மணிக்குத்தான் இறங்குவார். மேலே தனியாக உட்கார்ந்து என்ன நினைத்தார் என்று அவள் கேட்டதில்லை. அவள் கணக்கு டீச்சர். திருத்துவதற்கு நோட்டுகள் எப்போதும் குவிந்து கிடந்தன.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை இழுத்துக்கொண்டது. பேச்சும் போனது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோணல்மாணலாகக் கோடு விழுந்ததே தவிர எழுத்து வரவில்லை. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. ஆமாம், இல்லை என்று தலையை ஆட்டுவார். அவரோடு மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் சகாயராணி ஒன்றைக் கவனித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடது கை தானாகக் குவிந்தது. கட்டைவிரல் அந்தக் குழிக்குள் எதையோ மெல்ல மெல்ல அமுக்கியது. அமுக்கும், நிற்கும், திரும்ப அமுக்கும். பைப்பில் புகையிலை அடைக்கிறார் என்பது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் அதே வாரத்தில் சொன்னாள், "பழகுன பாட்டு, பழகுன வாசனை இதெல்லாம் காட்டிப் பாருங்கம்மா. சில பேருக்கு மனசு தெளியும்."

அவள் மாடிக்கு ஓடினாள். அலமாரி காலி. மரையாணிப் பெட்டிக்குள் தப்பிக் கிடந்த ஒரே ஒரு பைப் மட்டும் கிடைத்தது. கழுத்தருகே கறுத்த மரப் பைப். மோந்து பார்த்தாள். பழைய சாம்பல் நாறியது, வேறொன்றும் தெரியவில்லை. அவருடைய புகையிலைக்குப் பெயர் என்ன என்று யோசித்தாள். தெரியாது. கப்பல் நண்பர்கள் கொண்டுவரும் மூன்று நாலு வகையை அவரே ஜாடியில் கலந்து வைப்பார். பழைய நண்பர் ஒருவருக்குப் போன் போட்டாள். "அவன் கலக்குற கணக்கு அவனுக்குத்தான் தெரியும்மா," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார்.

பெரிய கடைவீதிப் பக்கம் அப்துல் சுக்கூர் புகையிலைக் கடை வைத்திருந்தார். வேடசந்தூர் இலை, சுருட்டு, வெற்றிலைக்குப் போடும் புகையிலை எல்லாம் அங்கே உண்டு. டீச்சரம்மா கடைப்படியில் நிற்பதைப் பார்த்து அவர் எழுந்தேவிட்டார்.

"எங்கிட்ட சார் பைப்ப சுத்தம் பண்ற கம்பிதான் வாங்குவாரு டீச்சரம்மா. சரக்கு வாங்குனதே இல்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சதக் குடுங்க பாய். சாம்பிராணிக் கரண்டியில போட்டு வாசம் காட்டிக்கிறேன்."

"கங்குல போட்டா கருகிப் போகும். வெறும் நெடிதான் வரும். பைப்புக்குள்ள செத்த நேரத்துக்கு ஒருக்கா இழுத்து இழுத்து மெதுவா வேகணும். அப்பத்தான் அந்த வாசம்." சொல்லிவிட்டுத் தயங்கினார். "யாராச்சும் குடிக்கணும்மா."

அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? "நான் குடிக்கிறேன்," என்றாள்.

சுக்கூர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே விவரம் சொன்னார். மஞ்சள் வர்ஜீனியா இலை வைக்கோல் வாசம், கொஞ்சம் இனிப்பு, ஆனால் புதிதாகப் பிடிக்கிறவர் அவசரப்பட்டு இழுத்தால் நாக்கைக் கடித்துவிடும். பர்லி என்பது பழுப்பு இலை, வறுத்த கடலை வாசம், சாதுவானது. வேகவைத்து வெனிலா ஊற்றிய கறுப்பு இலை ஒன்று உண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மணக்கும், குடிப்பவருக்கு வாய் ஈரமாகும். லட்டாக்கியா என்று இன்னொன்று, விறகுப் புகையில் காட்டிப் பதமாக்கியது. "புதுசாப் புடிக்கிறவுக பர்லியில ஆரம்பிக்கிறது நல்லது. புகைய நெஞ்சுக்குள்ள இறக்கிராதீக. வாயில வச்சு விட்டுருங்க. சூடான டீயைக் குடிக்கிற மாதிரி மெதுவா." பர்லி மட்டும் கையிருப்பில் இருந்தது. மற்றதைச் சென்னையிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார்.

மறுநாள் நாலு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து, அவருடைய நாற்காலியை உள்ளே தள்ளிப் போட்டு, தான் வெளிப்படியில் உட்கார்ந்தாள். கீழே தளர்வாகவும் மேலே அழுத்தியும் அடைக்கச் சொல்லியிருந்தார் சுக்கூர். அவள் அழுத்தியதில் காற்றே வரவில்லை. கொட்டிவிட்டுத் திரும்ப அடைத்தாள். ஏழு தீக்குச்சி ஆனது. முதல் இழுப்பிலேயே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ராயப்பராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இதுவா?"

இல்லை என்று தலை அசைந்தது.

வர்ஜீனியா வந்தது. நாக்கு நுனி வெந்து, இரண்டு நாள் ரசம்கூடக் குடிக்க முடியவில்லை. அதுவும் இல்லை என்றார். வெனிலாப் புகையிலையில் பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "கேக்கு சுடுறியா ராணி?" என்று கேட்டவள், கையிலிருந்த பைப்பைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு பூசையில் சகாயராணி உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு ஆள் இடம் சும்மா கிடந்தது. வெனிலாவும் அவருடையது இல்லை. அவள் பர்லியில் பாதி வர்ஜீனியாவைக் கலந்தாள். பிறகு மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு விகிதத்தையும் கணக்கு நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலை அதே பக்கம் அசைந்தது. கீழுதட்டில் சூட்டுக் கொப்புளம் வந்து உடைந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஷைனி சனிக்கிழமை வந்தவள் நேரே கொல்லைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, உனக்கென்ன பித்துப் புடிச்சிருச்சா? அப்பாவுக்கு இந்தப் புகை ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"காத்து வெளியதான்டி போகுது. அவரா குடிக்கிறாரு? நான் குடிக்கிறேன்."

"அதத்தான் தெருவே பேசுது. அப்பா கேட்டாரா உன்னைய?"

"கை கேக்குதுடி. பாரு."

ஷைனி பார்த்தாள். அப்பாவின் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிறு மத்தியானம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள்.

கடைசியாக லட்டாக்கியா வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரவிறகு எரிந்த அடுப்படி போல நாறியது. அதைப் பர்லியோடு கொஞ்சம் சேர்த்து அடைத்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல் வேறு. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதுவாங்க?" என்றாள்.

ராயப்பராஜ் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

சகாயராணி அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து நாள் தவறாமல் நாலு மணிக்கு அந்தக் கலவையைப் பிடித்தாள். ஒரே நெருப்பில் கடைசி வரை இழுக்கக்கூடப் பழகிவிட்டாள். உதடும் நாக்கும் மட்டும் ஆறவில்லை. மூன்று வாரம் இப்படிப் போனது.

ஒரு காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கேஸ் சிலிண்டர் வந்ததென்று வாசலுக்குப் போனாள். ஆள் வாசலோரம் கிடந்த காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு, சீட்டில் கையெழுத்து வாங்கி, பேச்சுக் கொடுத்ததில் நேரம் போய்விட்டது. திரும்பி நடையில் கால் வைத்ததும் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. பால் வற்றி, பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அடுப்படிக்கு நாலடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ராயப்பராஜ் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவளைக் கண்டதும் பாதி வாயால் சிரித்தார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்தாள்.

"கண்ண மூடுங்க."

மூக்கருகே திறந்து காட்டினாள். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கிக் காட்டினாள். தைலப் புட்டியைக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் காத்திருந்தார்.

"உங்களுக்கு எந்த வாசமும் தெரியலையா?"

கண்ணைத் திறந்தார். தலை குனிந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்தே இல்லையா?"

ஆமாம்.

"அப்ப எதுக்குத் தலையாட்டுனீங்க? இதுதான்னு எதுக்குச் சொன்னீங்க?"

இடது கையை மெதுவாகத் தூக்கி, அவள் கீழுதட்டுப் புண்மேல் விரலை வைத்தார்.

"நான் கஷ்டப்படுறேன்னா? நிறுத்திருவேன்னா?"

ஆமாம் என்றார். நிறுத்தட்டும் என்று அவர் சொன்ன பொய்யை அவள் மூன்று வாரம் பிடித்திருந்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தாள். சிலருக்கு அப்படி ஆவதுண்டு, மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்தது, திரும்ப வருமென்று சொல்ல முடியாது என்றார். அன்று மத்தியானம் ராயப்பராஜ் தூங்கும்போது அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். தூக்கத்திலும் அந்தக் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. அது எதையும் கேட்கவில்லை. பழகிய வேலையைக் கை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மிச்சமிருந்த பொட்டலங்களைச் சுக்கூர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சார் சரக்கு எதுன்னு தெரிஞ்சுச்சா டீச்சரம்மா?" என்று அவர் கேட்டார். "இல்ல பாய். இனிமே தெரியாது," என்றாள். அவர் பொட்டலங்களை வாங்கி அலமாரியில் வைத்தார். மறுநாள் நாலு மணிக்கு ராயப்பராஜ் கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்து, வெறுங்கையோடு படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முருங்கைமரத்தைப் பார்த்தார்கள்.

நாக்குப் புண் ஆறப் பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் மத்தியானம் கறிக்குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தபோது, சீரகமும் வறுத்த தேங்காயும் நாக்கில் முழுசாகத் தெரிந்தன. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மூக்குப் போனவருக்கு வெஞ்சனம் எப்படி ருசித்திருக்கும்? ஈஸ்டருக்கு அவள் மசாலா அரைத்துச் செய்த பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் தின்றாரே. அப்பா இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டாரு என்று ஷைனிக்குப் போனில் பெருமையாகச் சொன்னாளே.

தட்டோடு அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இத்தன மாசமா நான் போட்டதெல்லாம் சப்புன்னுதான இருந்துச்சு? ஒரு தடவையாச்சும் தட்டத் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். எதற்கு இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கவும் பயமாக இருந்தது.

நாக்குக்குப் புளிப்பும் உப்பும் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பைக் கூட்டக்கூடாது. கையிலிருந்தது புளிப்பு மட்டும்தான். குழம்பை ஒதுக்கிவிட்டு, மோர்ச்சோற்றில் ஒரு எலுமிச்சம்பழத்தை முழுசாகப் பிழிந்து பிசைந்து ஊட்டினாள். ராயப்பராஜின் இடது கண் இறுக மூடியது. அசையும் பாதி முகம் சுருங்கியது. அசையாத பாதி அப்படியே இருந்தது. விழுங்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்ததும் அடுத்த கவளத்தை உருட்டினாள்.