உள்ளங்கை இடைவெளி

ஃபிட்டரின் மச்சான், தங்கை புருஷன், டயர் கடைக்குத் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அவர் செத்து ஆறு வாரம் கழித்து, அந்தப் பணத்தோடு தங்கை கடைக்கு வந்தபோது ஃபிட்டர் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முதலில் கண்ணில் பட்டது அவள் செருப்புதான். இடது வார் அறுந்து கம்பியால் முறுக்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிடந்தால் போய்விடுவாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. போகமாட்டாள். சின்ன வயதிலிருந்தே வந்த காரியம் முடியாமல் திரும்பினவள் இல்லை அவள்.

மச்சானின் லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், ஜோடியாக. எல்லாம் ஏழு ஐம்பது அளவு. அதில் ஒன்று கிழிந்துபோய் வந்து நின்ற அன்றைக்குக் கடையில் ஏழு ஐம்பது இல்லை, வர மூன்று நாள் ஆகும். இருந்தது ஒரு பழைய எட்டு இருபத்தைந்து. ரிம்மில் உட்காரும், அதெல்லாம் உட்காரும். ஆனால் ஜோடியில் ஒன்று உயரமாக இருந்தால் பாரம் மொத்தமும் அதன் தலையில்தான் ஏறும். பக்கத்திலிருப்பது சும்மா கூட வரும். அகலமும் கூடுதல் என்பதால் பாரத்தில் வயிறு புடைத்து ஒன்றோடொன்று உரசும். உரசினால் சூடு, சூடு ஏறினால் வெடி. இருபத்தாறு வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி ஃபிட்டரின் வாய் தேய்ந்திருந்தது.

“வேணாம் மச்சான், மூணு நாள் பொறு.”

“மூணு நாள் வண்டி நின்னா லோடு வேற ஆளுக்குப் போயிடும். ஒரே ஒரு நடை. வந்ததும் கழட்டி உன் தலையிலயே மாட்டிடறேன்.”

ஜோடியைப் பூட்டி முடித்ததும் இரண்டு டயருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பது ஃபிட்டரின் வழக்கம். உள்ளங்கை தாராளமாகப் போய்வர வேண்டும். அன்றைக்கு விரல்கள் போயின, உள்ளங்கை முட்டிக்கொண்டு நின்றது. அதுவும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது, காலி வண்டியாக.

“உன் கை பெருத்துப்போச்சு மச்சான்,” என்றார் மச்சான். “ஞாயித்துக்கிழமை சோத்தக் கொறைக்கச் சொல்லணும் உன் தங்கச்சிகிட்ட.”

ஃபிட்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஜாக்கியை இறக்கினார். கடன் சீட்டையும் அவர்தான் எழுதினார். நாற்பது தாண்டி எழுத்துக் கற்ற கை. ஒவ்வொரு எழுத்தையும் நட்டு முடுக்குவதுபோல் அழுத்தித்தான் எழுதும். டயர் ஒன்று, பழையது, 8.25.

ஏழு ஐம்பது மூன்றாம் நாளே வந்து கடை மூலையில் நின்றது. ஞாயிறுதோறும் சாப்பிட்டுக் கைகழுவும்போது தங்கை காதில் விழாமல் கேட்பார், அடுத்த வாரம் என்பார் மச்சான். ஒரு நடை பதினோரு நடையானது. பன்னிரண்டாவதில், மலை இறக்கத்தில், அது வெடித்தது.

“அண்ணே, வெளிய வா,” என்றாள் தங்கை.

ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். துணி கையைவிட அழுக்காக இருந்தது.

“வண்டிய எடைக்குப் போட்டுட்டேன். இன்ஷூரன்ஸ்ல கைய விரிச்சுட்டாங்க. ஜோடியில அளவு மாறின டயராம், பைசா வராதாம்.” அவள் கண்ணில் ஈரமே இல்லை. “வழியில எவன்கிட்டயோ மலிவா வாங்கி மாட்டியிருக்காரு. சொந்த மச்சான் ஃபிட்டரா இருக்கறப்ப இந்த மனுஷனுக்குப் புத்தி எங்க போச்சு? பொணத்துக்கு முன்னாடியே திட்டித் தீர்த்தேண்ணே. இன்னும் ராத்திரில எழுந்து உட்கார்ந்து திட்டிட்டுத்தான் இருக்கேன்.”

சொல்லிவிடலாம். நான்தான் மாட்டினேன் என்று இரண்டே சொல். சொன்னால் அவள் திட்டுவதை நிறுத்துவாள். அதோடு அண்ணே என்பதையும். இந்த உலகத்தில் தன்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

“நீ என்ன பண்ணுவ,” என்று அவளே அவருக்காகவும் பேசினாள். “நீ சொன்னா மட்டும் கேட்டுடுவாரா.”

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். அவள் நீட்டிய நோட்டுகளைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உள்ள வைம்மா. இத வாங்கினா எனக்குச் சோறு இறங்குமா?”

“எதுக்கு வாங்கினாரோ தெரியாது, கடன் நிக்கக் கூடாதுங்க.”

“நிக்காது.” மேசைக் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி, ஃபிட்டரின் அழுத்தமான எழுத்திலிருந்த ஒன்றை உருவினார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “இந்தா, நீயே வச்சுக்க. தீந்துபோச்சு.”

ஃபிட்டரின் கை அரைவாசி எழுந்து நின்றுவிட்டது.

தங்கை சீட்டை நான்காக மடித்துப் பர்சில் வைத்தாள். முதலாளி உள்ளே போனார். ஃபிட்டர் லாரியின் பின்பக்கம் திரும்பி, பூட்டி முடித்திருந்த ஜோடிக்கு நடுவில் கையை நுழைத்தார். உள்ளங்கை தாராளமாகப் போனது. மணிக்கட்டும் போனது. உள்ளே ரப்பர் குளிர்ந்திருந்தது. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றார்.

செருப்புச் சத்தம் நாலடி போய் நின்றது. பர்சின் ஜிப் இழுபட்டது. பிறகு, மடித்த காகிதம் ஒவ்வொரு மடிப்பாகப் பிரியும் சத்தம்.