பன்னிரண்டாம் வகுப்பு இருந்த இடம்

நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்த மூன்று கணினி மொழிகளும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கே பள்ளிக்கு வந்துவிட்டன. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமையாசிரியர் எபனேசர் மூன்றுக்கும் மோர் கொடுக்கச் சொன்னார்.

கேள்வி கேட்கும் பொறுப்பு கணினி ஆசிரியை சண்முகவடிவுக்கு. அந்தப் பாடத்தைக் கண்டு பிள்ளைகள் அழுவதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்தவள். ஆறாம் வகுப்பில் வாயே திறக்காத ரஹ்மத்தைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இவளை ஒரு வணக்கம் எழுத வைங்க, பார்ப்போம்."

முதல் மொழி, வரியின் கடைசியில் அரைப்புள்ளி எங்கே என்று அதட்டியது. ரஹ்மத் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டாவது, வணக்கத்துக்கு முன்னால் ஏழு வரி எழுதச் சொன்னது. மூன்றாவது, "ஒரு வரி போதும் பாப்பா" என்றது. ரஹ்மத் எழுதினாள். திரையில் வணக்கம் வந்தது. பிறகு அவள் வாயிலிருந்தும் வந்தது. வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளியின் பன்னிரண்டு வகுப்புகளும் இனி இந்த மொழியின் பொறுப்பு என்று எபனேசர் ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

மதியம் வடிவு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் குழலிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பதினொன்றாம் வகுப்பை அடுத்து வெறும் சுவர்தான் இருந்தது. தடவிப் பார்த்தாள். வெயிலில் சுட்டது. டிபன் பாக்ஸ் சாய்ந்து, ரசம் சேலையில் வழிந்தது. எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"சார், குழலி எங்க? கிளாஸையே காணோம் சார்!"

"பன்னிரண்டுன்னுதான டீச்சர் போட்டிருக்கு," என்று எபனேசர் ஆணையை எடுத்துக் காட்டினார்.

"கணக்கு சரிதான். நான் பூஜ்யத்துல இருந்து எண்ணுவேன்," என்றது மொழி. "பதினொண்ணுலயே பன்னிரண்டு முடிஞ்சிரும். பதிமூணுன்னு திருத்துங்க, வந்துரும்."

"திருத்தத்துக்குப் பச்சை மை வேணுமே," என்று எபனேசர் ஒவ்வொரு டிராயராகத் திறந்தார். வடிவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது டிராயரில் பேனா கிடைத்தது.

அவர் எழுதி முடித்ததும் மேலே பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. குழலி படியில் இறங்கி வந்தாள்.

"என்னம்மா, சேலையெல்லாம் ரசம்?"

வடிவு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்; வெகுநேரம் விடவில்லை.

"பூஜ்யம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆள் இல்ல. நீங்க போறீங்களா டீச்சர்?" என்றார் எபனேசர்.

வடிவு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய அறையில், இன்னும் பிறக்காத முப்பத்தாறு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் பெயர் வைத்திருக்கவில்லை. பதிவேட்டில் இருந்த முப்பத்தெட்டு எண்களையும் சொல்லிக் கூப்பிட்டாள்.

"உள்ளேன் டீச்சர்," என்றார்கள் ஒவ்வொருவராக. இருவர் மட்டும் விடுப்பு.