மூன்று புள்ளி ஏழு வோல்ட்

உள்ளே அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குணாளன் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் தலைமாட்டிலிருந்து எடுத்துவந்த வெள்ளை டப்பாவின் கடைசித் திருகாணியைக் கழற்றினான்.

"இப்ப எதுக்குண்ணே இது?" என்றான் காளிதாசன். மலேசியாவின் கூலிம் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே பிரிவில் வேலை. "சுடுகாட்டுக்குப் போற கெரெத்தா வந்து நிக்குதுலா. கோடித்துணி போட உங்களத்தான் தேடுறாங்க."

"மீட்டர எடு."

அந்த டப்பாவை அவன்தான் செய்திருந்தான். நுரையீரல் கெட்டு, கூப்பிடவும் மூச்சில்லாமல் போன அக்கா பிரேமாவதிக்கு ஓர் அழைப்பு மணி. அவள் பொத்தானை அழுத்தினால் அவன் சட்டைப்பையில் இருக்கும் சின்னப் பெட்டி அலறும். முதல் நாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, மூச்சைத் துண்டு துண்டாக இழுத்து அவள் கேட்டாள்: "அமுத்துனா... நீ வருவியா... இல்ல தே தாரிக் டீ வருமா?" பிறகு அன்று முழுக்க வேண்டுமென்றே அழுத்தி அழுத்தி அவனை ஓடவைத்தாள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட சாக்கடையைக் கிளறிக்கொண்டிருந்தான். பெட்டி சட்டைப்பையிலேயே இருந்தது. அலறவில்லை. கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மும்தாஜ் அக்காதான் ஜன்னலில் நின்று கத்தினார். அவன் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்தான். மூன்று புள்ளி ஏழு. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் மறுபக்கம் வைத்தான். இரண்டு புள்ளி ஆறு. பெட்டிக்குச் சேதி அனுப்பும் ரேடியோ பேச மூன்று வோல்ட்டாவது வேண்டும். பொத்தானை அழுத்திப் பார்த்தான். பெட்டி ஊமையாகக் கிடந்தது.

வருகிற மின்சாரத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிற ரகம் அந்த ரெகுலேட்டர். சுவர் மின்சாரத்தில் ஓடும் சாமான்களுக்குப் போதும். ஒற்றை லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. பேட்டரி நிறைந்திருக்கும்வரை எப்படியோ சமாளிக்கும். பாதி இறங்கினால் படுத்துவிடும். போதாததற்கு, யாரும் அழுத்தாத நேரத்திலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவன் பத்து முறை சோதித்தான். பத்து முறையும் சார்ஜ் ஏற்றிய கையோடு.

"நீ சொன்னேல்ல காளி. பேட்டரின்னா கொஞ்சமா எடுத்துக்குற லோ டிராப்அவுட் ரகம் போடுங்கன்னு."

"விடுங்கண்ணே."

"டிராயர்ல இது கெடந்துச்சு. இப்போதைக்கு இது போதும்னு நான்தான் சொன்னேன்."

சரியான ரகம் திங்கட்கிழமையே தபாலில் வந்துவிட்டது. பேட்டரி கிட்டத்தட்ட தீரும்வரை தாக்குப்பிடிக்கக்கூடியது. ஓவர்டைம் என்று உறையைப் பிரிக்காமல் பிரிட்ஜின் மேல் போட்டு வைத்திருந்தான்.

"இனி நாள் கணக்குத்தான்னு டாக்டர் போன வாரமே சொல்லிட்டாருண்ணே. நீங்க ஓடி வந்திருந்தாலும்..."

"அது தெரியும். அமுத்துனாளா இல்லியா, அதுதான் எனக்குத் தெரியணும்."

காளிதாசன் மீட்டரை மெல்ல அணைத்தான். "அத இது சொல்லாதுண்ணே."

குணாளன் மறுபடி அழுத்தினான். மறுபடியும். நகம் வெளுக்க வெளுக்க அழுத்தினான். இப்படித்தானே அழுத்தியிருப்பாள், கதவையே பார்த்துக்கொண்டு?

நடையிலிருந்து அழகம்மா அத்தையின் குரல் வந்தது. "குணா! பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அவள எப்படிடா தூக்குறது? ஒரே தம்பி நீ!"

"என் கையால போடமாட்டேன் அத்தே. எனக்கு அந்த அருகதை இல்ல."

சற்று நேரம் கழித்து மும்தாஜ் அக்கா உள்ளே வந்து அவன் எதிரில் குந்தினார்.

"அக்கா, நீங்கதான் கூட இருந்தீங்க. நீங்க வந்தப்போ அவ கை எங்க இருந்துச்சு?"

அவர் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"போர்வைக்குள்ள இருந்துச்சு தம்பி. அமுத்தவே இல்ல. தூங்கிக்கிட்டே போயிருச்சு. அல்லா மேல..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எந்திரிங்க. கோடி தொடுற கை. வந்து கழுவுங்க."

பின்வாசல் குழாயடியில் அவர் ஜக்கைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். அவன் கைகளை நீட்டினான். ஜக்கை உயரத் தூக்கியதில் அவருடைய நீளச் சட்டைக்கை முழங்கைவரை சரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு நகக்குறிகள். ஆழமானவை, ரத்தம் கட்டியவை. தூங்குகிறவர்கள் யாரும் அப்படி ஒரு கையைப் பற்றுவதில்லை.

அவர் அவசரமாகத் துணியை இழுத்துவிட்டார். "பூனைலா," என்றார்.

அவர் வீட்டில் பூனை கிடையாது.

குணாளன் ஜக்கை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"நீட்டுங்கக்கா."

"சின்னக் கீறல்தான் தம்பி."

"நீட்டுங்க."

மும்தாஜ் அக்கா சட்டைக்கையை ஒதுக்கி நீட்டினார். அவன் அந்தக் குறிகள்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டான். உள்ளே அத்தை மறுபடி கூப்பிட்டார்.

"வந்துட்டேன் அத்தே," என்றான்.

ஜக் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டிருந்தான்.