அம்சம் ஏறி வந்த முதலை

செம்மொழியின் கனவில் முதலை வராத வாரம் கிடையாது. கடிக்கிற முதலை இல்லை. முதுகில் பாசி படர்ந்து, கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல் சாவகாசமாக வரும். விழித்துப் பார்த்தால் தஞ்சாவூர் வாடகை வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றுச் சத்தம் மட்டும் காதில் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும்.

அவள் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். யானையையும் அணிலையும் பேச வைத்துப் பேர் வாங்கியவள், நாற்பதை நெருங்கும்போதுதான் சொந்த வீட்டு முதலையை எழுதலாம் என்று உட்கார்ந்தாள்.

அந்த வீட்டுக் கதை இதுதான். அவளுடைய தாத்தா சிங்காரவேலு ஐந்து வயதுப் பையனாக இருந்தபோது, குடும்பமே கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு பண்ணைக்கு உழைத்துக் கிடந்தது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளைப் பண்ணை பிடித்து வைத்துக்கொண்டது. பன்னிரண்டு வயது அக்கா அம்சம், ஒரு வெள்ளக்காலத்து விடியலில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். ஒரு முதலை வந்து முதுகைக் கொடுத்தது. "வாயத் தொறந்தா முதலை முங்கிடும்டா" என்று அக்கா சொன்னாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. வடகரையில் பச்சைக் கொடி ஆடிய இடத்தில் முதலை அவர்களை இறக்கிவிட்டுப் போனது. மறுவருஷமே அம்சம் காய்ச்சலில் இறந்துபோனாள். தாத்தா வளர்ந்து, கூலிக்குப் போய், மறுபடி தென்கரைக்கே வந்து வலங்கைமான் பக்கம் குடியேறினார். கண்ணை மூடுகிறவரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் முதலையைச் சந்தேகப்பட்டதில்லை.

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாரும் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது பேச மாட்டார்கள். பாட்டும் கூத்துமாகப் போகிற கல்யாண வேன்கூட, பாலம் வந்ததும் கப்சிப் ஆகிவிடும். புது மாப்பிள்ளை ஒருவர், நாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வியர்த்துப்போனது தனிக்கதை.

செம்மொழி குருட்டாம்போக்கில் எழுதுகிற ஆள் இல்லை. நூலகம் நூலகமாக ஏறி இறங்கினாள். வெள்ளம் வந்த வருஷங்கள் கிடைத்தன. கொள்ளிடத்தில் முதலைகள் திரிந்ததற்குச் சான்று கிடைத்தது. பசலிக் கணக்கு, கிஸ்தி வரி பாக்கி, பண்ணை மாடுகளின் எண்ணிக்கை, எல்லாம் இருந்தன. அம்சம் மட்டும் எங்கும் இல்லை. பண்ணையாள் வீட்டுப் பெண் ஓடிப்போனதை யார் மெனக்கெட்டு எழுதி வைப்பார்கள்? மாட்டுக்கு இருந்த இடம்கூட அவளுக்கு இல்லை.

பதிப்பாசிரியர் பரிதி சென்னையிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் எதையும் இரண்டு டப்பாவில் ஒன்றில் போட்டு மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"நம்மகிட்ட ரெண்டு வரிசைதாங்க இருக்கு. உண்மைக் கதை, கற்பனைக் கதை. உண்மையில போடணும்னா முதலையை எடுத்துடுங்க. முதலை வேணும்னா கற்பனையில போட்டுடலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, சொல்லுங்க."

கற்பனையில் போட்டால் அம்சமும் கற்பனையாகிவிடுவாள். இத்தனை வருஷம் கழித்து அவளை மறுபடி ஒருமுறை இல்லாமல் செய்வது போல. சரி, முதலையை எடுத்துவிடலாம் என்றால் அப்பாவைக் கேட்க வேண்டும்.

அப்பா நல்லக்கண்ணு நாற்றங்காலில் நின்றபடியே போனில் கேட்டுக்கொண்டார். வாய்க்காலில் தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்டது.

"ஏம்மா, நமக்கு நிலம் வந்தது நேத்து. முதலை அதுக்கு முன்னாடியே வந்தது. எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா நான் யாரு?"

பழைய வரைபடம் ஒன்றில், வடகரையில் ஆற்றை ஒட்டிச் சின்னதாக ஒரு தர்கா குறித்திருந்தது அப்போது செம்மொழிக்கு நினைவுக்கு வந்தது. தர்கா என்றால் பச்சைக் கொடி இருக்குமே.

"அப்பா, நாளைக்கு அக்கரைக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள்.

கும்பகோணத்தில் பஸ் ஏறினார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நட்ட வயல்களில் தண்ணீர் நிறைந்து, வானம் கீழேயும் கிடந்தது. பஸ் தரையில் போகிறதா மேகத்தில் போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கத்தில் செம்மொழி ஜன்னலில் சாய்ந்திருந்தாள். கொள்ளிடத்தின் மேல் அணைக்கரைப் பாலம் வந்தது. அப்பா உதட்டை மடித்துக்கொண்டார். அவளும்தான். நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர், "இது எந்த ஊருங்க?" என்று அப்பாவைக் கேட்டார். பதில் இல்லை. அவளைக் கேட்டார். அவள் சிரித்தாள், அவ்வளவுதான். "பாவம், ரெண்டு பேருக்குமே பேச்சு வராது போல" என்று அவர் பின்சீட்டுக்காரரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. கீழே செம்மண் நிறத்தில் ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் எங்கேயோ ஒரு முதுகு தெரிவதுபோல் அவளுக்கு இருந்தது.

தர்கா நாணல் காட்டுக்கு நடுவே வெள்ளையாக நின்றது. மேலே நனைந்த பச்சைக் கொடி. ஒட்டியிருந்த வீட்டிலிருந்து வந்தவள் நுஸைபா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செம்மொழி வயதுதான் இருக்கும். தர்காவைப் பரம்பரையாகப் பார்த்துக்கொள்கிற குடும்பம். டீ கொடுத்துவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்டாள்.

"முதலையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா எங்க வீட்ல ஊமைப்பையன் கதைன்னு ஒண்ணு உண்டு" என்றாள்.

அப்பா டீயைக் கீழே வைத்தார்.

"எங்க அத்தாவோட அத்தா, அதாவது எங்க தாத்தா, மீரா உசேன்னு பேரு. அவரு ஒரு வெள்ளத்துல, வாழமரத் தெப்பத்தைப் புடிச்சிட்டு ஒரு பொண்ணு நீந்தி வர்றதைப் பார்த்திருக்காரு. தெப்பத்து மேல ஒரு சின்னப் பையன். இழுத்துக் கரையில போட்டாரு."

"வாழமரமா?" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லில் அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க செம்மொழிக்குப் பொறுக்கவில்லை. ஏன்தான் அழைத்து வந்தோம் என்றிருந்தது.

"ஆமாங்கய்யா. அந்தப் பையன் ஊமை. கஞ்சியை வாய் ஓரமா ஊத்துனா முழுங்குவான், சத்தம் மட்டும் வராது. விழுந்து முட்டியில ரத்தம் வந்தப்பகூட கம்முனு இருந்தானாம். அப்புறம் அக்கரையிலேர்ந்து ஓடத்துல ஆளுங்க தேடி வந்துட்டாங்க. 'ஒரு பொட்டப்புள்ள தம்பியோட வந்துச்சா? அந்தப் பய அழுமூஞ்சி, அழுதா நாலு தெருவுக்குக் கேக்கும்'னு கேட்டிருக்காங்க. எங்க பெரியவரு, இங்க எந்தப் பையன் சத்தமும் இல்லையேன்னுட்டாரு. அவங்களும் ரொம்ப நேரம் வாசல்லயே நின்னு காது கொடுத்துக் கேட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களும் உள்ள நெல்லு குதிருக்குப் பின்னாடிதான் இருந்திருக்காங்க."

தூறல் வலுத்தது. நுஸைபா குரலை உயர்த்தினாள்.

"ஓடம் கண்ணுக்கு மறைஞ்சதும் அந்தப் பொண்ணு குனிஞ்சு பையன் காதுல என்னமோ சொல்லிச்சாம். அவ்ளோதான். ஊமைப்பையன் ஓன்னு அழ ஆரம்பிச்சான் பாருங்க! பொழுது சாயறவரைக்கும் அழுதானாம். பார்த்தவங்களுக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. இன்னிக்கும் எங்க வீட்ல பிள்ளைங்க பேசாம உம்முனு இருந்தா, யாராச்சும் காதுல எதையாவது கிசுகிசுன்னு சொல்லுவோம். அன்னிக்கு என்ன சொல்லியிருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுதான். நிஜமா அது என்ன சொல்லிச்சுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. எங்க கதையில அது இல்ல."

செம்மொழிக்குப் புரிந்துவிட்டது. அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார். பக்கத்தில் யாரோ சின்னப் பையன் நிற்பதுபோல, மெல்லக் குனிந்து சொன்னார்.

"முதலை போயிடுச்சுடா தம்பி. இனிமே நீ அழலாம்."

நுஸைபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கப்பா கொடி ஆடுனதோட கதையை நிறுத்திடுவாரு. அழுததையெல்லாம் ஆம்பளை எங்க சொல்லப் போறாரு?" என்ற அப்பாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. செம்மொழி பார்த்து அவர் அழுததே இல்லை. மழையில் மடை உடைந்தாற்போல் அழுதார். அவளும் அழுதாள், வெட்கமில்லாமல், சந்தோஷமாக. கொடி நனைந்து கனத்து ஆடிக்கொண்டிருந்தது. ஆறு பக்கத்தில் வந்து நின்று கேட்பதுபோல் இருந்தது.

அழுமூஞ்சித் தம்பியை வைத்துக்கொண்டு தப்ப முடியாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அடித்தோ வாயைப் பொத்தியோ அடக்கவில்லை. ஒரு கதை சொன்னாள். வாழைமரத்தைத் தடவிக் காட்டி, இது முதலை என்றாள். புத்தகம் புத்தகமாக எழுதியும் ஒரு குழந்தையைப் பத்து நிமிஷம் உட்காரவைக்கத் திண்டாடுகிற செம்மொழிக்கு, அந்தக் கதையின் நேர்த்தி யாரையும்விட நன்றாகத் தெரிந்தது. அங்கேயே போனை எடுத்தாள்.

"பரிதி, உண்மைக் கதை வரிசையிலயே போடுங்க. முதலையும் இருக்கும்."

"அதெப்படிங்க?"

"அந்த முதலையை ஒரு பொண்ணு உண்டாக்கியிருக்கா. அதை நம்பி ஒரு பையன் வாயை மூடிட்டு இருந்தான். அதனாலதான் பிழைச்சான். எங்கப்பாவும் நானும் இன்னிக்கு இருக்கோம். இதுல எது பொய்னு சொல்லுங்க, எடுத்துடுறேன்."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம். பாவம், டப்பா கிடைக்காமல் தவித்திருப்பார்.

"சரிங்க, போட்டுடலாம். அட்டையில உங்க பேரு எப்பவும் போலத்தானே?"

"இல்லைங்க. கதை அம்சம்னு போடுங்க. அதுக்குக் கீழ, எழுத்து செம்மொழி."

"யாருங்க அம்சம்? புது எழுத்தாளரா? ஆசிரியர் குறிப்புக்கு விவரம் வேணுமே."

அப்பா கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் நிமிர்ந்து நின்று பேசினார்.

"எங்க அத்தைங்க. பதிமூணு வயசு."