தங்கை வீட்டு வெப்சைட்

வாஷிங் மெஷின் கெட்டுப்போனவர்கள் போனில் என்ன தட்டித் தேடுவார்கள்? காலையிலிருந்து அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகளைத் தங்கை புருஷனின் வெப்சைட்டில் ஏற்றி, தேடுகிறவர்கள் கண்ணில் அவன் கடை முதலில் படும்படி செய்யவேண்டும். அதற்குத்தான் ஆபீசில் சம்பளம்.

அவள் புருஷனும் வாஷிங் மெஷின் மெக்கானிக்தான். பதினைந்து வருஷமாக இதே தொழில். தங்கை புருஷன் கடை போட்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

எல்லாம் வாயால் வந்த வினை. தங்கை வீட்டுப் புதுச் சோபாவைப் பார்த்த எரிச்சலில், "நான் நெனச்சா எந்தக் கடையையும் தேடினதும் முதல்ல வர வைப்பேன்" என்று சொல்லித் தொலைத்தாள். மறுநாளே தங்கை புருஷன் ஆபீசில் வந்து நின்றான். ஓர் ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரு கடையைத்தான் எடுப்பது அங்கே வழக்கம். பிறகு தன் புருஷனுக்காகக் கேட்டபோது மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க சொந்தக்காரர்தானேம்மா முந்திக்கிட்டார்? வெளியில தனியா பண்ணிக் குடுத்தீங்கன்னா வேலை போயிடும், பாத்துக்குங்க."

தங்கை புருஷனின் வேலையை அரைகுறையாகச் செய்து பார்த்தாள். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் மேனேஜர், "இன்னும் பதினொண்ணாவது எடமா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் போய் உட்கார்ந்தாள்.

"மெஷின் கெட்டா ஜனங்க உங்ககிட்ட என்னன்னு சொல்வாங்க?"

"பேரிங் போச்சுன்னு சொல்லவா போறாங்க? துணி புழியும்போது மெஷின் நடந்து வருதும்பாங்க. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

அவன் சொன்னதை அப்படியே ஏற்றினாள். இரண்டு மாதத்தில் தங்கை புருஷன் கடை முதல் இடத்துக்கு வந்தது. மேனேஜர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தங்கை போன் செய்து, "அவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லக்கா" என்றாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவள் நன்றாக இருப்பது பொறுக்கவில்லையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பொறுக்கத்தான் இல்லை. புருஷனின் போன் நாலு நாளாக அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடித்தது. தங்கை புருஷன்.

"அண்ணே, ஆள் பத்தல. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர முடியுமா? உங்க பில்டிங்தான், மேல் மாடி, புதுசா குடி வந்தவங்க. மெஷின் நடந்து வருதாம். மொதல்ல கடைக்கு வந்து நம்ம சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிடுங்க."

"போகாதீங்க" என்றாள் அவள்.

"சும்மாதானே கெடக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். முதுகில் தங்கை புருஷனின் கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த நீலச் சட்டை. வயிற்றுப் பக்கம் பட்டன்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. அவன் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து மேலே ஏறினான். பெல் அடித்தான்.

"பரவாயில்லையே, சீக்கிரமா வந்துட்டீங்க" என்று மேல் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "பக்கத்துலதான் இருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றான் அவன். "கடை கொஞ்சம் தூரம்."