அசெனுக்கு ஒரு தேதி

"கொன்னுடுக்கா. எத்தன பேரக் கொன்ன கை இது, இவன் ஒருத்தன் மட்டும்—"

"மெதுவாப் பேசுடி, ஜன்னல் தெறந்து கெடக்கு."

"கெடக்கட்டுமே! கொள்ளநோய் நாவல்ல ஒரே வாரத்துல தொண்ணூறு பேரப் போட்டுத் தள்ளினியே, அப்ப ஜன்னலச் சாத்திக்கிட்டா எழுதின?"

"அவங்க முந்நூறு வருஷத்துக்கு முந்தி செத்தவங்க. அசென் என் தம்பி, எனக்கு—"

"எனக்கு மட்டும் யாரு, எதுத்த வீட்டுக்காரனா? எனக்கு அண்ணன்!"

1982 செப்டம்பரில், வெலிகா ஸ்டனேவாவின் சமையலறையில், சுட்ட குடைமிளகாய்களைத் தோலுரித்துப் புட்டிகளில் அடைத்துக்கொண்டே அக்காவும் தங்கையும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் மணிக்கட்டு வரை கரி. விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். வெலிகா சரித்திர நாவல்கள் எழுதுகிறவள். அவள் தன் கதையில் ஒருவரைச் சாகடித்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குள் அந்த ஆளுக்கு ஊரில் மரண அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். கறுப்புக் கரை போட்ட தாள், உச்சியில் சிலுவை, பெயர், வயது, முகம், அடியில் துயரப்படுவோர் பெயர்கள். தொட்டுப் பார்த்தால் பசை ஈரமாக இருக்கும். யார் ஒட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆரம்பத்தில் இரண்டு காவலர்களைத் தபாலாபீஸ் மூலையில் நிறுத்தினார்கள். காலையில் அவர்களில் ஒருவருடைய கோட்டின் முதுகிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதன் பிறகு காவல் போடுவதை விட்டுவிட்டார்கள்.

டான்யூப் கரையில் இருக்கிற இந்த ஊரில் செத்தவர்கள் அவ்வளவு சுலபத்தில் ஊரை விட்டுப் போவதில்லை. செத்த அன்றைக்கு ஓர் அறிவிப்பு, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று, பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று வாசல் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த நாளில் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை கலந்து கல்லறைக்குக் கொண்டுபோய், வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கொடுப்பார்கள். இதற்கெல்லாம் வேண்டியது ஒரே ஒரு தேதி. தேதி இல்லாதவன் சாகவில்லை. சாகாதவன் துயரப்படுவோர் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

வெலிகாவின் முதல் நாவல் 1956இல் வந்தது. பழைய தேவாலயப் புத்தகங்களின் ஓரத்தில் அந்தக் காலத்துப் பாதிரிகள் கிறுக்கி வைத்த குறிப்புகளிலிருந்துதான் அவள் கதை எடுப்பாள். 'இந்த வருஷம் வெட்டுக்கிளி வந்தது, பாவி நான் எழுதினேன்' என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால் போதும், அதிலிருந்து நானூறு பக்கம் இழுத்துவிடுவாள். அந்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் உப்பு வியாபாரி ஒருவன் தண்டல்காரர்களின் அடி தாங்காமல் செத்தான். மறுநாள் ரொட்டிக் கடைச் சுவரில் அவன் முகம். கேமரா கண்டுபிடிப்பதற்கு இருநூறு வருஷம் முந்தியவனுக்குப் படம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் மூக்கு எந்தக் குடும்பத்து மூக்கு என்பதில்தான் தகராறு வந்தது. இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோதுமை வேகவைத்தன. நகராட்சி கூடிப் பேசி, சுல்தான் ஆட்சி முடிந்த 1878க்கு முந்திய சாவுகளுக்கு அனுமதி தேவையில்லை என்று தீர்மானம் போட்டது. சுவர்களைச் சுரண்டுவதற்கு ஸ்தாய்கோ என்பவனை நிரந்தர வேலையில் வைத்தது. வெலிகாவை வழியில் பார்க்கும்போதெல்லாம் அவன் கேட்பான்: "என்ன தோழரம்மா, இந்த வாரம் யாரையாச்சும் போடுறீங்களா? முன்கூட்டியே சொன்னா சுரண்டியத் தீட்டி வெச்சுக்குவேன்."

இருபத்தாறு வருஷத்தில் பதினோரு நாவல்கள், நானூற்றுப் பன்னிரண்டு சாவுகள். இரண்டு பரிசுகள், தலைநகரத்தில் ஒரு விருந்து. தங்கை மின்கா ஒரு நாவலைக்கூடப் பிரித்ததில்லை. "அக்கா புத்தகத்த நான் சுவத்துலயே படிச்சுக்குவேன்" என்பாள். அறிவிப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு என்பது வெலிகாவுக்கு ஐந்தாவது நாவலில்தான் தெரிய வந்தது. தலைநகரத்துப் பதிப்பாசிரியர் பெஞ்சேவ், கிளர்ச்சித் தலைவன் கோட்டைச் சுவரில் நின்று வீர உரை ஆற்றிவிட்டுச் சாகவேண்டும் என்று விரும்பினார். அப்படியே எழுதினாள். காலையில் ஒரு தாளும் ஒட்டப்படவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு, அவனை ஒரு மாட்டுக் கொட்டகையில் வயிற்றுப்போக்கால் சாகவிட்டாள். மறுநாள் ஆறே முக்காலுக்கே அறிவிப்பு வந்துவிட்டது. உண்மையாக நடந்த சாவுக்குத்தான் தாள் ஒட்டப்படும். பெஞ்சேவுக்கு வீர உரையை அனுப்பிவிட்டு, கொட்டகையைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அசென் துறைமுகத்தில் ஆற்றின் நீர்மட்டத்தைக் குறிக்கிற வேலையில் இருந்தான். 1951 மார்ச்சில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, "ஆறுகூட இப்பல்லாம் மேலிடத்தக் கேட்டுட்டுத்தான் ஏறுது போல" என்று சொன்னான். கடையில் ஐந்து பேர் சிரித்தார்கள். வியாழக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன விவரம் கேட்கவேண்டும், அஞ்சு நிமிஷ வேலை, கோட்டுகூட வேண்டாம் என்று கூட்டிப்போனார்கள். அவனுக்கு இருபத்து நான்கு வயது. போகும்போது வீட்டிலிருந்த அவன் படங்களையும் எடுத்துப்போனார்கள். ஆற்றுத் தீவில் இருக்கிற முகாமில் இருப்பதாகத் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. முகாமைக் கலைத்த பின் மனுப் போட்டுக் கேட்டபோது, அப்படி ஓர் ஆள் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. 1962இல் அம்மா இறந்தாள். அறிவிப்பின் அடியில் 'துயரத்துடன் பிள்ளைகள் வெலிகா, அசென், மின்கா' என்று அச்சடித்தார்கள். பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்படியே. இருபது வருஷமாக அசென் எல்லோருக்காகவும் துயரப்பட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது மின்காவின் கல்லீரலில் கட்டி. வசந்த காலம் வரைக்கும்தான் தாங்குவாள் என்று மாவட்ட மருத்துவர் சொல்லியிருந்தார்.

"நான் போனா என் தாள்லயும் அவன் பேரப் போடுவீங்க" என்றாள் மின்கா, மிளகாயின் காம்பைக் கிள்ளி எறிந்து. "என்னால ஆகாது. அவனுக்கு முன்னால நான் செத்ததா ஊரு படிக்கக் கூடாது. அவனுக்கு ஒரு நாள் வேணும். ஒரு தடவையாவது நான் கோதும வேகவெக்கணும். எழுதறதுக்குன்னே பொறந்தவ, ஒரு பக்கம் எழுத மாட்டியா?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டுக்கு இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல மின்கா. வந்தா என் புத்தகம் அத்தனையும் கடையிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும். அதுதான் மொத்தமும் சுவத்துல இருக்கே."

வெலிகா எழுத ஒப்புக்கொண்டாள். முதலில் அசெனை விஷக்காய்ச்சலில் சாகவிட்டாள். நல்ல மனம் படைத்த ஒரு மருத்துவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொள்ளவும் செய்தாள். காலையில் மின்கா தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். "வெறும் கதவுதான் இருக்கு. என்னன்னு எழுதின?" காய்ச்சல் என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். "அவனுக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லயே." நவம்பரில் தப்பி நீந்தும்போது வெள்ளத்தில் மூழ்கவைத்தாள். டிசம்பரில் காவலாளியின் துப்பாக்கிக்குக் கொடுத்தாள். துறைமுகத்துப் பழைய ஏடுகளை வாங்கிவந்து ஒவ்வொரு நாளின் நீர்மட்டமும் பனியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, தாள் மட்டும் வரவில்லை. மின்கா நடக்க முடியாமல், ஸ்தாய்கோவைப் பார்த்துவரச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கும் நமக்கு வேலயில்ல" என்று சொல்லிப்போவான்.

தாள் ஏன் வரவில்லை என்பது வெலிகாவுக்கு முதல் நாளே தெரியும். மூன்று சாவிலும் அவள் இல்லை. ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, காப்பியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, தன்னிடமிருந்து ஆரம்பித்தாள். 1952 அக்டோபரில் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவளை மாடிக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். மக்கள் விரோதி அசென் ஸ்டனேவ் எனக்கு உறவல்ல, அவனுக்குக் கடிதமோ பொட்டலமோ என் வீட்டிலிருந்து போகாது என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். வேலை தப்பியது, நான்கு வருஷம் கழித்து நாவலும் அச்சாயிற்று. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதாமாதம் பன்றிக் கொழுப்பு, காய்ந்த ரொட்டி, வெங்காயம், கம்பளிக் காலுறை என்று பொட்டலம் கட்டுவாள். பதினைந்து வயது மின்கா முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொள்வாள். தபாலாபீசுக்குக் கொண்டுபோவது வெலிகாவின் வேலை. அவள் அவற்றை நூலகத்துக் கிடங்கில் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். தூக்கி எறிய மனம் வரவில்லை, அனுப்பத் துணிவு வரவில்லை. கொழுப்பு வாசனைக்கு எலிகள் வந்தன. அவ்வளவையும் எழுதிய பிறகு மீதியை அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாக எழுதிக்கொண்டு போனது. தீவில் பொட்டலம் வாங்குகிறவர்களின் பட்டியலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அசென் வரிசையில் போய் நின்றான். பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள் நின்றான். பிப்ரவரியில் வில்லோ மரக்கட்டை சுமந்துபோகும்போது பனியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் யாரும் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழுக்கு முன்பே மின்காவின் வாசல் கதவில் அறிவிப்பு இருந்தது. அசென் ஸ்டனேவ், 1953 பிப்ரவரி 17, வயது இருபத்தாறு, முப்பதாம் ஆண்டு நினைவு. துயரத்துடன் சகோதரிகள். மூத்தவள் என்பதால் வெலிகாவின் பெயர் முதலில் இருந்தது. வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சாத முகம், விடைத்த காதுகளோடு அதில் இருந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு தடவை படித்தார். 1878க்குப் பிந்திய சாவுகளைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப்போனார். ஸ்தாய்கோ சுரண்டியோடு வந்தவன், அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினான். ஊரில் எல்லா அறிவிப்புகளையும் படிப்பதுபோல ஊர் அதையும் நின்று படித்தது. முடிவெட்டும் கடையில் அன்று சிரித்த ஐந்து பேரில் உயிரோடிருந்த இரண்டு பேர் தனித்தனியாக வந்து படித்துப்போனார்கள். பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை, எழுதிய ஒன்பது தாள்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வெலிகா தங்கை வீட்டுக்குப் போனாள். கொடுத்துவிடுவது என்றுதான் புறப்பட்டாள். மின்கா நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்து, துணியில் பரப்பி உலர்த்திய கோதுமையைச் சட்டியில் அள்ளிப் போட்டு, சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் கலந்துகொண்டிருந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் வெலிகா அவளை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை.

"வா, உக்காரு. சர்க்கர போதுமா பாரு, எனக்கு நாக்கே செத்துப்போச்சு" என்று ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

வெலிகா வாயில் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். கைப்பை மடியில் இருந்தது. அதன் கொக்கியைத் திறந்தாள்.

மின்கா கதவுப் பக்கம் பார்த்தாள். "படத்துல கன்னம் ஒட்டிப்போயிருக்கு அவனுக்கு. பாத்தியா? நான் தெனமும் பாக்குறேன்." சட்டியிலிருந்து கையை எடுத்து, விரலில் ஒட்டிய கோதுமையை ஒவ்வொன்றாக உள்ளேயே உதிர்த்தாள். "அவன் பசியோட போயிருக்க மாட்டான் இல்லக்கா? அம்மாதான் மாசாமாசம் கட்டிக் குடுத்தாளே."