மூன்றாம் முறை தட்டியபோது

...தட்டிப் பார்த்தால்தான் என்ன, மேனேஜரை அழைத்துவரப் போகும்போது சின்னவளே சொல்லிவிட்டுத்தானே போனாள், "அக்கா, நீ ஒரு தரம் தட்டிப் பாரு, உன் காதுக்குத் தப்பாது" என்று... மேசையில் துணி விரித்து, அந்தப் பீங்கான் தகட்டைக் குழந்தையைப்போல் கிடத்தியிருக்கிறாள், உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் இன்று மேனேஜர் இதற்குத் தலையாட்டினால், பொடியை அழுத்திச் சுட்டுத் தகடாக்கும் அழுத்த உலை சின்னவள் கைக்குப் போய்விடும். பெரியவளுடைய தகடுகள் அலமாரியில் இருக்கின்றன, கீறினாலும் கீறல் விழாத கெட்டி, சுத்தியலால் ஒரு போடு போட்டால் தூள். அழுத்தம் ஏற ஏறப் பொடி நெருங்கும், நெருங்க நெருங்கக் கெட்டிப்படும், இதைச் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார், இந்த வேலையில் சேர்த்துவிட்டது யார்... அவளோ அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். "ரொம்ப அழுத்தினா பொடியோட கலந்த இழையெல்லாம் உள்ளேயே நொறுங்கிடுதுக்கா, அப்புறம் விரிசலைப் பிடிச்சு நிறுத்த ஆளில்லை" என்றாள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, ஏதோ உப்புக் குறைவு என்பதுபோல. மேனேஜர் மெச்சிக்கொண்டார், அழுத்தத்தைக் கூட்டச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. அன்றிலிருந்து தங்கை உடைத்தால் மண்சட்டி, அக்கா உடைத்தால் பொன்சட்டி.

பெரியவள் எஃகுக் கம்பியால் மெல்லத் தட்டினாள். மணி. உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைபோல் மந்தமாகக் கேட்கும், இது மணியேதான்... ஓரத்தில்? ஓரத்தில்தானே விரிசல் ஒளிந்திருக்கும்... அங்கேயும் மணி. தூங்குகிற தங்கையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவாளாம் பெரியவள், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள், மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று இவளும் சிரித்துச் சமாளிப்பாள்... உண்மையில் எதைப் பார்த்தோம்? இன்னும் ஒரே ஒரு தரம். கை கொஞ்சம் ஓங்கிவிட்டது, அதே நொடியில் கதவு திறந்தது, மேனேஜரின் சிரிப்பில் தட்டிய ஓசை அமுங்கிப்போனது.

"என்னக்கா, பேசுச்சா?"

"மணி மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள், துணியின் ஓரத்தை நீவிவிட்டபடி, குரல்கூடப் பிசகவில்லை... ஆனால் எந்தத் தட்டலைச் சொல்கிறோம், முதலாவதையா, இரண்டாவதையா... மேனேஜர் காதுக்கும் கேட்கட்டும் என்று சின்னவள் கம்பிக்காகக் கை நீட்டினாள், கொடுத்துவிட வேண்டியதுதான், விரல்கள்தான் ஏனோ விடவில்லை.